நூற்றுப்பதினைந்தாவது கட்டம்

எங்கள் ஊரில் அச்சாகாத திங்கட்கிழமை வேறு எந்த ஊரிலும் விடிந்ததில்லை. கருவேலமரத்தைத் தவிர வேறொன்றும் விளையாத இந்த ஊரில் தெருவுக்குத் தெரு அச்சகம் உண்டு. நாட்காட்டியும், பட்டாசுப் பெட்டி லேபிளும், பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குகிற சார்ட்டும் இங்கேயிருந்துதான் லாரி ஏறிப் போகின்றன. நாங்கள் அமாவாசை என்று அச்சடித்தால் நிலா ஒளிந்துகொள்ளும், முகூர்த்த நாள் என்று அச்சடித்தால் ஊரூராக மேளம் கொட்டும். அதனால் அச்சானது நடந்துவிடும் என்பதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நடக்காவிட்டால்தான் மெஷினைக் கழற்றிப் பார்ப்போம்.

எங்களுக்கு ஒரே ஒரு பயம் உண்டு, அது வெறுங்கட்டம். ஒன்றாம் தேதி புதன்கிழமை பிறந்தால் அதற்கு முன்னால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று கட்டங்கள் காலியாகக் கிடக்கும் அல்லவா, அவற்றை எங்கள் ஊரில் யாரும் காலியாக விடமாட்டார்கள். ஒன்றில் குத்துவிளக்கு, ஒன்றில் தாமரைப்பூ, ஒன்றில் பெருங்காய விளம்பரம் போட்டு அடைத்துவிடுவார்கள். வெறுங்கட்டம் ஆள் கேட்கும். கட்டத்தைக் காலியாக விட்ட அச்சகத்தில் அந்த வருஷம் ஓர் ஆள் குறைவான் என்பது எங்கள் நம்பிக்கை. மெஷினுக்குக் கையைக் கொடுத்தவன், பட்டாசு மருந்துக் கொட்டகையில் வெந்தவன் என்று குறைந்தவர்களுக்கெல்லாம் எங்கேயோ ஒரு வெறுங்கட்டத்தைத்தான் காரணம் சொல்வோம். முதலாளிமார்களுக்கும் அது வசதியாக இருந்தது.

குருசாமி அண்ணாச்சியின் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவள் செல்வகனி. அவளும் அவள் அக்கா ராமுத்தாயும் அப்பன் விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் கோழி வளர்த்து, ஒன்பது வருஷமாக முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல், ஆனால் ஒரு நாளும் வாய் மூடாமல் வாழ்ந்தார்கள். எல்லாம் ஜாடைப் பேச்சுதான். ராமுத்தாய் தன் விளக்குமாற்றைப் பார்த்து, "சில பேரு வீட்டு மீன் கொழம்பு தெருவே நாறும், கேட்டா கவிச்சியே தொடுறதில்லம்பாளுக" என்பாள். செல்வகனி தன் கோழியைப் பார்த்து, "அந்தப் பக்கம் ஏன் போற, வெசம் வச்சிருவாளுக, வா" என்பாள். விளக்குமாறும் கோழியும் பதில் சொல்லாது, ஆனால் அடி மட்டும் குறி தப்பாமல் சுவரைத் தாண்டிப் போய் விழும்.

பகைக்குக் காரணம் ஒரு பிள்ளை. செல்வகனி ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்த ஒரு மதியத்தில் பிறந்து, பொழுது சாய்வதற்குள் இறந்து, அவள் விழித்தபோது மண்ணுக்குள் போயிருந்தான் அவன். பெற்றவள் பார்க்கவே இல்லை. கையில் வைத்திருந்தது ராமுத்தாய் ஒருத்திதான். பிள்ளைக்கு என்ன பெயர் எழுத என்று நர்ஸ் கேட்டபோது, "கண்ணே தொறக்காத பிள்ளைக்கு என்னத்துக்குப் பேரு? ஒண்ணும் எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள் ராமுத்தாய். போன பிள்ளைக்குப் பெயர் வைத்தால் அடுத்தது தங்காது என்பது அவள் நினைப்பு. அடுத்தது வரவே இல்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போன செல்வகனியின் புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிப்போனான். அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு செல்வகனி அவளை வெறுத்தாள். அரைகுறையாக இல்லை, முழுசாகவே வெறுத்தாள்.

இப்படி இருக்கையில் மதுரையிலிருந்து சார்ட்டுக்கு ஆர்டர் வந்தது, தனிம அட்டவணை. பொன், வெள்ளி, இரும்பு, ஈயம் என்று உலகத்தை உண்டாக்கிய பொருளுக்கெல்லாம் ஆளுக்கொரு கட்டம். கட்டத்துக்குள் எண், பெயர், நிறம், எடை, உருகுநிலை, எதனோடு சேரும், எவ்வளவு காலம் இருக்கும் என்ற விவரம். கடைசி வரிசைக்கு வந்தபோது நூற்றுப்பதினைந்தாவது கட்டத்தில் எண்ணும் பெயரும் மட்டும் இருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் கோடு.

"அண்ணாச்சி, இதுல ஒண்ணுமே எழுதல" என்றாள் செல்வகனி.

குருசாமி அண்ணாச்சி மதுரைக்குப் போன் போட்டு, விவரம் எழுதிக் கொடுத்த வாத்தியாரிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். "அது பூமியில தோண்டி எடுத்ததில்லயாம்மா, மனுசன் செஞ்சதாம். சுண்ணாம்புல இருக்கிற சத்தையும் இன்னொரு உலோகத்தையும் பெரிய மெஷின்ல வச்சு மோதவிட்டு உண்டாக்குனாங்களாம். ரெண்டும் ஒண்ண ஒண்ணு கிட்டயே அண்டவிடாதாம், அடிச்சுத்தான் சேக்கணுமாம். மொதத் தடவ நாலே நாலு அணு கெடச்சிச்சாம், அதுவும் ஒரு நொடிகூட நிக்காமப் போயிருச்சாம்."

"என்ன நெறம்?"

"எவன் கண்டான்? ஒருத்தனும் கண்ணால பாக்கல. அது எளச்சு எளச்சு வேற வேற பொருளா மாறிப் போகுதாம். போற வழியில விட்டுட்டுப் போனத வச்சுத்தான், அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே கண்டுபிடிச்சிருக்காங்க."

"ஒரு நொடிகூட இருக்கல. யாரும் பாக்கல. ஆனா அதுக்குப் பேரு வச்சிருக்காங்க."

"பொறந்த சீமையோட பேரையே வச்சிருக்காங்களாம். பேரில்லாம எப்படிம்மா சார்ட்டுல ஏத்துவாங்க?" என்றார் அண்ணாச்சி, ஒன்றும் தெரியாமல். "கோட்ட அப்படியே விட்றாத, வெறுங்கட்டம் ஆகாது. எதையாவது போட்டு அடச்சிரு."

கண்சிமிட்டும் நேரம்கூட இல்லாத நாலு தூசிக்குக் கட்டம் கட்டி, பெயர் வைத்து, எல்லாப் பள்ளிக்கூடத்திலும் மாட்டப்போகிறார்கள். ஒரு மதியம் முழுக்க மூச்சுவிட்டுக் கிடந்த செல்வகனியின் பிள்ளைக்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. அந்த எரிச்சலில் அவள் தன் அக்காவைத்தான் கட்டத்துக்குள் அடித்தாள். நிறம்: கறுப்பு. எடை: பூமி தாங்காது. உருகுநிலை: எதற்கும் உருகாது. சேர்க்கை: எதனோடும் சேராது. ஆயுள்: அழியாது. அண்ணாச்சி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார், இல்லை.

சார்ட் லாரி ஏறிய மறுநாள் காலையில் ராமுத்தாயின் முற்றத்தில், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியை நொறுக்கிக்கொண்டு, தேங்காய் அளவில் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. ராமுத்தாய் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு விளக்குமாற்றிடம், "கல்லத் தூக்கிப் போட்டுக் குடி கெடுக்கப் பாக்காளுக" என்றாள். கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள், கடப்பாரை வளைந்தது. தட்டார் கொண்டுவந்த திராவகம் அதன்மேல் படாமல் வழிந்தோடியது. பட்டாசு மருந்தைக் குவித்துக் கொளுத்தியும் அது சூடுகூட ஆகவில்லை. கடைசியில் குருசாமி அண்ணாச்சி சார்ட்டை விரித்துக் கட்டத்தையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்து, "நம்ம ஐட்டந்தான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

அது எப்படி வந்தது என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, அதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் கேட்டோம். முதலில் போகிற வருகிறவர்கள் துப்பினார்கள். பிறகு பங்காளிச் சண்டையில் இருந்த இரண்டு பேர் வந்து, "இந்தக் கல்லு சாட்சியா இனி ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள், அந்தச் சத்தியம் நிலைத்தது. கோயிலில் செய்த சத்தியமெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உடைந்துபோகிற ஊரில் இது பெரிய விஷயம் அல்லவா, அதனால் மாமியாரும் மருமகளும், கூட்டு வியாபாரத்தில் ஏமாந்தவர்களும், நிச்சயம் முறிந்தவர்களும், எதற்கென்றே தெரியாமல் பகைத்தவர்களும் வரிசை கட்டி வந்தார்கள். தெருமுனையில் ஒரு டீக்கடை முளைத்தது. ராமுத்தாய் தன் முற்றத்தில் நின்று வந்தவர்களையெல்லாம் வண்டை வண்டையாக வைதாள், அவர்கள் அதையும் பிரசாதமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒவ்வொரு சத்தியத்துக்கும் கல் ஒரு விரல்கடை பூமிக்குள் இறங்கியது, இறங்கும்போது ராமுத்தாயின் பாதி வீட்டையும் கூட இழுத்தது. வாசற்படி கணுக்காலளவு இறங்கி, முழங்காலளவு இறங்கி, நடுச்சுவர் வாய்பிளந்து, கடைசியில் அவள் தெருவுக்கு வர ஏணி வைத்து ஏறவேண்டியதாயிற்று. ஆள் உள்ளே இருக்கும்போதே கூரை தெருமட்டத்துக்கு வந்துவிடும் என்று கொத்தனார் சொன்னார். ராமுத்தாய்க்குப் போக வேறு இடமில்லை. செல்வகனியின் பாதி அப்படியே அசையாமல் நின்றது. அவள் சுவர்ப் பிளவு வழியாகக் கீழே பார்த்துத் தன் கோழியிடம், "தெய்வம் நின்னு கொல்லும்பாங்க, இது ஒக்காந்தே கொல்லுது" என்றாள். அவளுக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது. நாங்களும் யாருக்காகவும் பரிதாபப்படவில்லை.

நாட்காட்டி அடிக்கிற காலம் வந்தபோதுதான் எங்களுக்குச் சுட்டது. நான்கு மையும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்தால்தான் படம். அந்த வருஷம் மஞ்சள் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று விலகி விலகி விழுந்தன. முருகனின் முகம் ஓரிடத்தில் இருக்க உதடு வேறிடத்தில் சிரித்தது. எந்த மெஷினைத் திருகியும் மைகள் சேரவில்லை. எதனோடும் சேராது என்று நாங்களே அச்சடித்து ஊரூராக அனுப்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அச்சக உரிமையாளர் சங்கம் செல்வகனியைக் கூப்பிட்டு நிறுத்தி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டது. அவள் தலையைக் குனியவில்லை. "இப்ப என்ன, கட்டத்த மாத்தணும், அவ்வளவுதான? கோடா விட்ரவா?" என்று கேட்டாள். வெறுங்கட்டம் யாருடைய ஆளைக் கேட்கும் என்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டை நினைத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர், "கோடும் ஆகாது, பொய்யும் ஆகாது. யாராவது ஒருத்தர் கண்ணால பாத்ததா இருக்கணும். அப்படி எதையாவது போட்டு மேல சீட்டு ஒட்டிருவோம்" என்றார்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் பேரில்லாமப் போன ஒண்ணு எனக்குத் தெரியும்" என்றாள் செல்வகனி. "அதப் பாத்தவ ஒருத்தி இருக்கா. அந்தப் பள்ளத்துல இருந்து அவளத் தூக்கிட்டு வாங்க."

ராமுத்தாய் ஏணியில் ஏறி, சேலையில் மண்ணோடு அச்சகத்துக்கு வந்தாள். அக்காளும் தங்கையும் ஒரே அறையில் நிற்பதைப் பார்க்க நாங்கள் ஜன்னலில் அப்பிக்கொண்டோம். செல்வகனி திரையைப் பார்த்தபடி கீபோர்டிடம் கேட்டாள், "நெறம் என்னவாம்?"

ராமுத்தாய்க்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தைத் திருப்பி, அடுக்கியிருந்த காகிதக் கட்டைப் பார்த்துச் சொன்னாள், "மாநெறம். காதுமடல் மட்டும் செவப்பு."

"எடை?"

"ரெண்டேகால் கிலோன்னா நர்ஸ். தூக்கும்போது அவ்வளவு தெரியல. போன பெறகுதான் கனத்துச்சு."

"உருகுநிலைன்னு ஒண்ணு இருக்கு. சூடு."

"வெதுவெதுன்னு இருந்தான். எம் முந்தானைக்குள்ளதான் வச்சிருந்தேன்."

"எதோட சேரும்?"

"எம் வெரலப் பிடிச்சிருந்தான்" என்றாள் ராமுத்தாய் காகிதத்திடம். "விடவே இல்ல. கடைசியில பிரிச்சுத்தான் எடுத்தோம்."

செல்வகனி ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகத் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் அன்பு ஒரு துளி இல்லை. "இதெல்லாம் நீ மட்டும் வச்சிருந்தியா?"

"நீ கேக்கலயே."

"நீ சொல்லலயே."

"கண்ணத் தொறந்திருந்தா நானே பேர் வச்சிருப்பேன்டி. மத்தியானம் பூராம் பாத்துக்கிட்டே இருந்தேன். தொறக்கல" என்றாள் ராமுத்தாய். ஜன்னலில் இருந்த நாங்கள் சீக்கிரம் முடியுங்கள் என்று சத்தம் போட்டோம், மை காய்ந்துகொண்டிருந்தது.

கடைசியாக ஆயுள் இருந்தது. செல்வகனி கேட்கவில்லை, ராமுத்தாயே குனிந்து திரையைப் பார்த்து, "அழியாதுன்னு போட்ரு" என்றாள். "போட்ரு புள்ள. அச்சானா நடந்துரும்ல."

செல்வகனிக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த எழுத்துகளின்மேல் அவள் விரல் போய் உட்கார்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிறகு அவள், "அழியாதது என்ன செய்யும்னு ஒம் முத்தத்துலதான் பாத்தமே. ஒரு நா வளராது, ஒருத்தரோட ஒட்டாது, கண்ண மூடுன மேனிக்கே கெடக்கும், வீட்டத்தான் முழுங்கும்" என்று சொல்லி, ஒரே ஒரு மதியம் என்று அடித்தாள். மேலே இருந்த பெயரை அழித்துவிட்டு, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மனசுக்குள் வைத்திருந்த பெயரை அடித்தாள்: வெயிலுமுத்து.

"கண்ணுக்கு இடமில்லையா அதுல?"

"தனிமத்துக்கு ஏது கண்ணு."

ராமுத்தாய் அந்தப் பெயரை உதடு அசைய வாசித்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. "மொதல்ல கண்ணத் தொறக்கட்டும், பெறகு பேரச் சொல்லுவோம்" என்று காகிதக் கட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பள்ளத்துக்குத் திரும்பினாள்.

சீட்டு அடித்து, வெட்டி, பசை டப்பாவோடு மொபெட்டில் ஏறிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனோம். தலைமையாசிரியர்கள் வைதார்கள், நாங்களும் திருப்பி வைதோம், வைதுகொண்டே ஒட்டினோம். அச்சகத்தில் இருந்த கடைசி சார்ட்டில் குருசாமி அண்ணாச்சி தன் கையால் கடைசிச் சீட்டை ஒட்டியபோது வெயில் உச்சியில் நின்றது. அந்த நொடியிலேயே முற்றத்தில் கல் இளைத்தது. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் ஈயமாகி, தேங்காய் எலுமிச்சையாகி, எலுமிச்சை கடுகாகி, அதன்பின் ஒரு கை வெதுவெதுப்பு மட்டும் குழிக்குள் மிச்சமிருந்தது என்று டீக்கடைக்காரர் சொன்னார். குழிக்குள் வேறு என்ன இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை, செல்வகனி சுவர்ப் பிளவு வழியாகக் குதித்து இறங்கி, ஏணியில் ஏறித் தெருமட்டத்திலேயே நின்ற மதில் கதவை உள்ளிருந்து சாத்திவிட்டாள்.

எங்கள் சார்ட், எங்கள் பசை, எங்கள் மொபெட், எங்களுக்கே காட்டவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு மதியம் முழுக்கத் தெருவில் நின்றோம். உள்ளே சண்டைதான் கேட்டது. "தலையப் பிடிடி." "எனக்குத் தெரியாதா?" "நீ அப்ப வச்சிருந்தது போதும், குடு இங்க." "இரு, வெரல விட மாட்டேங்கான்." பிறகு சத்தம் குறைந்தது. நிழல் எதிர்ச்சுவரில் ஏறியபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவு திறந்து ராமுத்தாய் விளக்குமாற்றோடு நின்றாள். கண்ணைத் திறந்தானா என்று எங்களில் ஒருவர் கேட்டார். "போயி அவுகவுக சோலியப் பாருங்க" என்று எங்கள் காலடி மண்ணைக் கூட்டித் தள்ளினாள்.

மைகள் சேர்ந்தன. நாட்காட்டி லாரி ஏறியது. பரீட்சையில் நூற்றுப்பதினைந்தாவது தனிமம் வெயிலுமுத்து என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போய், மதுரைக்காரர் இனி உங்கள் ஊர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று போனில் கத்தினார். இறங்கிய வீடு ஏறவில்லை, ராமுத்தாய் பள்ளத்திலும் செல்வகனி மேட்டிலுமாகத்தான் இருந்தார்கள். சுவரையும் யாரும் இடிக்கவில்லை. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்த்த எங்களுக்கு ஏமாற்றம்தான்.

சில நாள் கழித்து ஒரு காலையில் செல்வகனியின் கோழி பிளவு வழியாக இறங்கிப் போய், ராமுத்தாயின் புதுச் சட்டியை உருட்டி உடைத்துவிட்டது. நாங்கள் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ராமுத்தாய் விளக்குமாற்றை எடுத்தாள், ஆனால் அதைப் பார்த்துப் பேசவில்லை. சுவருக்கு மேலே அண்ணாந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கத்தினாள்.

"ஏ வெயிலுமுத்து அம்மா, ஒன் கோழி எஞ் சட்டிய ஒடச்சிருச்சு, என்னன்னு வந்து கேளு."

அந்தப் பக்கம் சாமான் விளக்குகிற சத்தம் நின்றது. பிறகு செல்வகனி, "சட்டி என்ன தங்கத்துலயா வச்சிருக்க, இப்படி ஊரக் கூட்டுற" என்று அதே எரிச்சலோடு கேட்டுக்கொண்டே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏணியில் இறங்கினாள்.